உங்கள் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? வெப்ப சென்சார்களும் ஃபேன் கட்டுப்பாடும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி, மானிட்டர் எத்தனை இஞ்ச் என்று விசாரிக்கிறார்கள். உள்ளே எத்தனை மின்விசிறிகள் சுற்றுகின்றன, அவற்றின் வேகத்தை முடிவு செய்வது யார் என்று கேட்பவர்களை நான் பார்த்ததில்லை. ஏப்ரல் பிறந்து வெயில் ஏறியதும்தான் கேள்விகள் வருகின்றன. "கம்ப்யூட்டர் ரொம்பச் சத்தம் போடுகிறது", "மதியத்தில் தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது", "வைரஸாக இருக்குமோ?" இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேருக்காவது பிரச்னை வைரஸ் அல்ல, வெப்பம்.

நான் இருப்பது சாந்தோமில், கடலுக்கு ஒரு தெரு தள்ளி. கடற்காற்று வரும் ஊர்தானே, இங்கே என்ன சூடு என்று மற்ற பகுதி நண்பர்கள் கேட்பார்கள். மே மாதத்தில் கடற்காற்று சில நாள் மதியம் 12 மணிக்கே வந்துவிடும். சில நாள் மூன்று மணி வரை வராது. வராத நாளில் சாந்தோமும் நுங்கம்பாக்கமும் ஒன்றுதான். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த வெயிலில் மாடி வீட்டு அறைக்குள், கதவு வைத்த கம்ப்யூட்டர் மேஜையின் அடித்தட்டில் கேபினட்டை வைத்தால் அதன் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல வேளையாக, இந்தச் சூட்டை அளக்கும் கருவிகள் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அவை சொல்வதை ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சென்சார்கள் எங்கே இருக்கின்றன?

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இரண்டு வகை வெப்ப சென்சார்கள் உண்டு. முதல் வகை பிராசசரின் உள்ளேயே செதுக்கப்பட்டிருக்கிறது. (மேஜைக்கடியில் இருக்கும் பெட்டியைச் சிபியூ என்று சொல்வது நம் வழக்கம். இந்தக் கட்டுரையில் பெட்டியைக் கேபினட் என்றும், உள்ளே இருக்கும் சிப்பைப் பிராசசர் என்றும் குறிப்பிடுகிறேன்.) இன்டெல் பிராசசர்களில் இந்தச் சென்சார் ஒரு வேடிக்கையான முறையில் கணக்குச் சொல்கிறது. "நான் இப்போது 60 டிகிரியில் இருக்கிறேன்" என்று அது சொல்லாது; "என் உச்ச வரம்புக்கு இன்னும் 40 டிகிரி பாக்கி இருக்கிறது" என்று சொல்லும். உச்ச வரம்பு 100 என்றால் அதிலிருந்து 40-ஐக் கழித்து, 60 என்று சாஃப்ட்வேர் நமக்குக் காட்டுகிறது.

இரண்டாவது வகை மதர்போர்டில் ஆங்காங்கே பொருத்தப்பட்டிருக்கும். இவை பெரும்பாலும் தெர்மிஸ்டர் எனப்படும் சிறிய பாகங்கள். சூடு ஏறினால் இவற்றின் மின்தடை குறையும். அதனை அளந்து வெப்பநிலையாக மாற்றும் வேலையைச் சூப்பர் ஐஓ என்ற ஒரு சிப் செய்கிறது. பழைய கீபோர்டு, பிரிண்டர், சீரியல் போர்ட்டுகளைக் கவனிக்க வந்த சிப் இது. பிறகு வெப்பம், மின்னழுத்தம், ஃபேன் வேகம் ஆகியவற்றையும் இதன் தலையில் கட்டிவிட்டார்கள். நுவோட்டான், ஐடிஇ, ஃபின்டெக் ஆகிய தைவான் நிறுவனங்களின் சிப்கள்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிகம்.

ஃபேனின் வேகம் எப்படித் தெரிகிறது? ஃபேன் ஒயரில் மூன்று அல்லது நான்கு கம்பிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டும் மின்சாரத்துக்கு. மூன்றாவது கம்பி, ஃபேன் ஒரு முறை சுற்றும்போது இரண்டு துடிப்புகளை அனுப்பும். நொடிக்கு 40 துடிப்பு வந்தால் 20 சுற்று. நிமிடத்துக்கு 1,200 சுற்று. நான்காவது கம்பி கட்டளைக்கானது. அதில் நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை சிக்னல் போட்டுப் போட்டு நிறுத்தப்படுகிறது. போட்டிருக்கும் நேரம் அதிகமானால் ஃபேன் வேகமாகச் சுற்றும். குறைந்தால் மெதுவாகச் சுற்றும். மூன்று கம்பி ஃபேனில் இந்த வசதி இல்லாததால் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும்.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இதில் என்ன சிரமம்?

மவுஸைச் செருகினால் உடனே வேலை செய்கிறது. பென் டிரைவைச் செருகினால் உடனே தெரிகிறது. ஆனால் மதர்போர்டிலேயே பிறந்த சென்சாரை மட்டும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏன் தானாகக் கண்டுகொள்வதில்லை? எனக்கும் இந்தக் கேள்வி பல நாள் இருந்தது.

யுஎஸ்பி சாதனங்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லும். சென்சார் சிப்கள் பல அப்படிச் சொல்வதில்லை. குறிப்பிட்ட முகவரிகளில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். தவறான கதவைத் தட்டினால் ஆபத்தும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் ஐபிஎம் திங்க்பேட் லேப்டாப் மாடல்கள் சிலவற்றில் லினக்ஸின் சென்சார் தேடும் புரோகிராம் இப்படித் தட்டியபோது, அங்கிருந்த ஒரு நினைவக சிப்பின் தகவல்கள் கெட்டு, கம்ப்யூட்டரே இயங்காமல் போனது. அதன் பின்னர் அந்தப் புரோகிராமில் பல எச்சரிக்கைகள் சேர்க்கப்பட்டன.

சிப்பைக் கண்டுபிடித்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒரு சிப்பில் ஆறு வெப்ப நுழைவாயில்கள் இருக்கும். மதர்போர்டு தயாரிப்பவர் அவற்றில் மூன்றை மட்டும் இணைத்திருப்பார். எந்த வாயிலில் எது என்ற விபரம் அவருக்குத்தான் தெரியும். மீதி மூன்றும் வெறுமனே காற்றில் தொங்கும். அவற்றைப் படித்தால் 127 டிகிரி என்றோ, மைனஸ் 60 டிகிரி என்றோ வரும். சாந்தோமில் மைனஸ் 60! இதைப் பார்த்துப் பயந்து எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. அது சென்சார் இல்லாத வாயில், விட்டுவிடலாம்.

இன்னொரு தலைவலியும் உண்டு. பயாஸ் தன் பங்குக்கு அதே சிப்பிடம் பேசிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் இருவர் ஒரே சிப்பிடம் பேசினால் ஒருவருக்குப் போக வேண்டிய பதில் மற்றவருக்குப் போய்விடலாம். எனவே பயாஸ் தனக்கென்று குறித்து வைத்த முகவரிகளை டிரைவர்கள் தொடக்கூடாது என்று 2009-ல் லினக்ஸ் கெர்னலில் கண்டிப்பு கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு கூடியது, ஆனால் பல மதர்போர்டுகளில் சென்சார்கள் மறைந்துபோயின. பிற்பாடு, பயாஸிடமே கேட்டு விபரம் வாங்கிக் கொடுக்கும் டிரைவர்கள் வந்தன. கிகாபைட் மதர்போர்டுகளுக்கு 2021-ல் கெர்னலில் அப்படி ஒன்று சேர்க்கப்பட்டது.

இது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வேலைதானா என்பதிலேயே நிபுணர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஓபன்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் சென்சார்களைக் கெர்னலே படித்துக் காட்டும். அதே ஏற்பாட்டை அதன் உறவுக்காரரான ஃப்ரீபிஎஸ்டியில் 2007 அக்டோபரில் சேர்த்தார்கள்; எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே திரும்ப எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் இந்த வேலை 1998 வாக்கில் எல்எம்-சென்சார்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78, எல்எம்75 என்ற சிப்கள்தான் அந்த நாட்களில் பிரபலம். இன்று டிரைவர்கள் கெர்னலுடனேயே வருகின்றன.

லினக்ஸில் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பழைய கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பீர்கள். மாற்றாதவர்கள் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென் டிரைவில் பதித்து, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சோதனைக்கு மட்டும் இயக்கிப் பார்க்கலாம். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஆகவே கீழ்க்கண்ட முறை அதற்கும் பொருந்தும்.

டெர்மினல் விண்டோவைத் திறந்துகொள்ளுங்கள். சுடோ, ஆப்ட், இன்ஸ்டால், எல்எம்-சென்சார்ஸ் என்ற நான்கு சொற்களை இதே வரிசையில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விட்டு டைப் செய்து என்டர் தட்டவும். எல்எம் என்பதற்கும் சென்சார்ஸ் என்பதற்கும் நடுவில் ஸ்பேஸ் அல்ல, சிறு கோடு. இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்கும், டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம், அது பதிவாகிறது.

அடுத்து சுடோ என்று அடித்து, ஸ்பேஸ் விட்டு, சென்சார்ஸ்-டிடெக்ட் என்று கொடுக்கவும். வரிசையாகக் கேள்விகள் வரும். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் இருப்பதுதான் பரிந்துரைக்கப்படும் விடை. வெறும் என்டர் தட்டினால் அது எடுத்துக்கொள்ளப்படும். சில கேள்விகளில் "வேண்டாம்" என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ஆர்வத்தில் அங்கே "சரி" என்று கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன திங்க்பேட் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில், கண்டுபிடித்த டிரைவர்களின் பெயர்களைக் காட்டி, கம்ப்யூட்டர் இயங்கும்போதெல்லாம் இவற்றை ஏற்றட்டுமா என்று கேட்கும். இங்கு மட்டும் "எஸ்" என்று முழுதாக டைப் செய்து என்டர் தட்டவும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த பின் அந்த டிரைவர்கள் தாமாக ஏறிவிடும். பென் டிரைவில் இயக்குபவர்கள் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். அவர்கள் மட்டும் சுடோ, மாட்புரோப், அதன்பின் டிரைவரின் பெயர் என்று கொடுத்து அப்போதே ஏற்றிக்கொள்ளலாம்.

இனி சென்சார்ஸ் என்ற ஒரே சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால் பட்டியல் வந்துவிடும். இந்த எண்கள் எல்லாம் சிஸ், கிளாஸ், எச்டபிள்யூமான் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் போல்டர்களில் சாதாரண பைல்களாகவே கிடைக்கின்றன. அங்கே ஒரு பைலைத் திறந்து 45000 என்று பார்த்தால் திடுக்கிட வேண்டாம். டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதியிருக்கிறார்கள். 45 டிகிரி என்று பொருள்.

எண்களைப் படிப்பது எப்படி?

பட்டியலில் கோர்டெம்ப் என்ற தலைப்பின் கீழ் வருவது இன்டெல் பிராசசரின் உள்வெப்பம். ஏஎம்டி என்றால் கே10டெம்ப் என்று வரும். நுவோட்டான் சிப்புக்கு என்சிடி என்றும், ஐடிஇ சிப்புக்கு ஐடி87 என்பது போலவும் தலைப்பு இருக்கும். அவற்றின் கீழ் மதர்போர்டு வெப்பமும் ஃபேன் வேகங்களும் இருக்கும்.

இதிலும் சில கண்கட்டு வித்தைகள் உண்டு. 2017-ல் வந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசசர்கள் உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டித்தான் சொல்லும். ஃபேன் முன்கூட்டியே வேகமெடுக்கட்டும் என்று ஏஎம்டியே செய்த ஏற்பாடு அது. ஆகவே பிராசசர் மாடல் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடக்கூடாது. 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டினால் பவர் சப்ளை செத்துவிட்டது என்று பொருளல்ல. சிப்பால் அவ்வளவு பெரிய மின்னழுத்தத்தை நேரடியாக அளக்க முடியாது. மதர்போர்டில் அதைக் குறைத்துத் தருகிறார்கள். எத்தனை மடங்கு என்று டிரைவருக்குத் தெரியாது. உண்மையிலேயே 1 வோல்ட் என்றால் நீங்கள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது!

வெளிநாட்டுப் புத்தகங்களில் "சும்மா இருக்கும்போது 35 முதல் 40 டிகிரி" என்று இருக்கும். அவர்கள் அறை 20 டிகிரி. நம் அறையே மே மாதத்தில் 35. காற்றால் குளிர்விக்கப்படும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. எனவே நான் பார்ப்பது வேறு எண்ணை: பிராசசர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்தால் வரும் மீதி. என் கம்ப்யூட்டரில் ஜனவரியில் அறை 26, பிராசசர் 39. மே மாதம் அறை 35, பிராசசர் 48. இரண்டிலும் மீதி 13தான். ஆகவே கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, வெயில் மட்டும் ஏறியிருக்கிறது. இந்த மீதி 13-லிருந்து 20, 25 என்று மாதத்துக்கு மாதம் ஏறினால் தூசி அடைக்கிறது அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று பொருள். சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும், மாதக் காலண்டரில் எழுத ஒரு பேனாவும் இதற்குப் போதும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, கம்ப்யூட்டரைப் போட்டு அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரின் கதை

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறார். கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட், ஆன்லைன் விண்ணப்பங்கள், வில்லங்கச் சான்று என்று வேலை வரும். ஒரு வருடம் முன்பு வாங்கிய பழைய கம்ப்யூட்டர்தான் அவருக்குச் சொத்து. ஏப்ரல் கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி, மதியம் ஆனா இது தானா நின்னுடுது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒழுங்கா ஓடுது. கடையில கேட்டா மதர்போர்டு போயிடுச்சு, 5,500 ரூபா ஆகும்ங்கறாங்க."

"உடனே மாத்திடாதீங்கக்கா, ஒரு தடவை பாத்துடறேன்" என்று சொல்லி, பென் டிரைவை எடுத்துக்கொண்டு போனேன்.

மதர்போர்டு கெட்டிருந்தால் அது மணி பார்த்துக் கெடாது. பகலில் நின்று இரவில் ஓடுகிறது என்றாலே முதல் சந்தேகம் சூடு. லினக்ஸை இயக்கி, சென்சார்ஸ் கட்டளை கொடுத்ததும் வந்த எண்கள் இவை. அறை 36. எதுவும் செய்யாத நிலையில் பிராசசர் 68. மதர்போர்டு 41. ஃபேன் ஒன்று 780 சுற்று. ஃபேன் இரண்டு பூஜ்யம்.

பிறகு பெரிய போல்டர் ஒன்றைச் சுருக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு நொடிக்கு ஒரு முறை எண்களைப் புதுப்பித்துக் காட்டும் வாட்ச் கட்டளையுடன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடத்தில் பிராசசர் 98-ஐத் தொட்டது. இங்கு கவனிக்க வேண்டியது ஃபேனை. பிராசசர் 30 டிகிரி ஏறியும் ஃபேன் 780-லிருந்து 840-க்குத்தான் போயிருந்தது. வேலையை உடனே நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பிராசசர் சூடாகி, ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் ஃபேன் மேல் குற்றமில்லை. சூடு பிராசசரிலிருந்து ஹீட் சிங்குக்கு வரவில்லை, அல்லது ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கிறது. ஃபேன் பூஜ்யம் காட்டி, கண்ணுக்கும் நின்றிருந்தால் ஃபேன் செத்துவிட்டது அல்லது ஒயர் கழன்றிருக்கிறது. பிராசசர் 55, 60-லேயே இருந்தும் கம்ப்யூட்டர் அணைந்துபோனால் பவர் சப்ளையைப் பாருங்கள். இங்கு நடந்தது நான்காவது வகை: ஃபேன் நன்றாக இருக்கிறது, மெதுவாகச் சுற்றுகிறது, யாரோ அதனிடம் அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கேபினட்டைத் திறந்ததும் விஷயம் விளங்கியது. அந்தக் கேபினட்டில் இருந்ததே பிராசசர் ஃபேன் ஒன்றுதான். அதன் ஒயர், பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு முள் இணைப்பில் இல்லாமல், மூலையில் இருந்த கேபினட் ஃபேனுக்கான இணைப்பில் செருகப்பட்டிருந்தது. முன்பு எப்போதோ சுத்தம் செய்த யாரோ கழற்றி மாற்றிச் செருகியிருக்க வேண்டும். அந்த மூலை இணைப்பு மதர்போர்டு வெப்பத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்கிறது. மதர்போர்டு 41-ல் நிம்மதியாக இருந்ததால் ஃபேனும் நிம்மதியாக இருந்தது. பிராசசர் ஃபேன் இணைப்பு காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே எச்சரிக்கை வர வேண்டுமே? பயாஸில் அந்த எச்சரிக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பகலில் அறை 36, இரவில் 30. அந்த ஆறு டிகிரிதான் ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான வித்தியாசம். பிராசசர் 100-ஐ நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "மதியத்தில் மெதுவாகவும் இருக்கும் தம்பி" என்று அக்கா சொன்னதன் காரணம் அதுதான். அப்படியும் சூடு ஏறினால் எரிந்து போகாமல் இருக்க மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். சேவ் செய்யாத பக்கங்கள் போனது போனதுதான்.

ஒயரைச் சரியான இடத்துக்கு மாற்றி, தகடுகளில் இருந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷால் எடுத்து, ஹீட் சிங்கைக் கழற்றிப் புதிய பேஸ்ட் வைத்தோம். பயாஸில் எச்சரிக்கையை மீண்டும் போட்டாயிற்று. அதே போல்டர், அதே மதியம்: ஃபேன் 1,900 சுற்று, பிராசசர் 72. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பேஸ்ட் டியூப் ஒன்றுதான் செலவு.

விண்டோஸில் இருப்பவர்களுக்கு

விண்டோஸ் தானாக மதர்போர்டு வெப்பத்தையோ ஃபேன் வேகத்தையோ காட்டுவதில்லை. 2020 மே மாத அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜரில் தனி கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் மட்டும் தெரிகிறது. மற்றவற்றுக்கு வேறு புரோகிராம் வேண்டும். ஒரு காலத்தில் எல்லாரும் ஸ்பீடுஃபேன் போட்டுக்கொண்டோம். 2016-க்குப் பிறகு புதிய பதிப்பு வராததால் புதிய மதர்போர்டுகளை அது அறியாது. எச்டபிள்யூ இன்ஃபோ, லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. பார்ப்பதற்கு மட்டும் என்றால் முதலாவதே போதும். இன்ஸ்டால் செய்த பிறகு சென்சார்ஸ் ஒன்லி என்ற பெட்டியில் டிக் செய்து இயக்கவும்.

ஒரு எச்சரிக்கை. இத்தகைய புரோகிராம்கள் பல வின்ரிங்0 என்ற டிரைவரை வைத்து இயங்கின. ஹார்ட்வேரை நேரடியாகத் தொடும் அதிகாரம் அந்த டிரைவருக்கு உண்டு. அதே வழியாகக் கெட்ட புரோகிராம்களும் நுழைய முடியும் என்பதால் 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. ஃபேன் புரோகிராம் திடீரென்று வேலை செய்யாமல் போனால் இதுதான் காரணமாக இருக்கலாம். டிஃபெண்டரை ஆஃப் செய்துவிட்டு இயக்குங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புரோகிராமின் புதிய பதிப்பை அதன் சொந்த தளத்திலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

ஃபேனை நாமே கட்டுப்படுத்தலாமா?

முடியும். லினக்ஸில் ஃபேன்கன்ட்ரோல் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, சுடோ கொடுத்து பிடபிள்யூஎம்கான்ஃபிக் என்ற கட்டளையை இயக்கினால் அது ஒவ்வொரு ஃபேனையும் சில விநாடிகள் நிறுத்தி, எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுடையது என்று கண்டுபிடிக்கும். ஃபேன் நிற்கும் அந்த நேரத்தில் வேறு கனமான வேலை எதுவும் ஓடக்கூடாது. வேகத்தை 0 முதல் 255 வரையான எண்ணால் குறிக்கிறார்கள். 128 என்றால் பாதி. நின்ற ஃபேனைக் கிளப்பத் தேவையான எண், ஓடும் ஃபேனை நிற்காமல் வைத்திருக்கத் தேவையான எண் என்று இரண்டைக் கேட்கும். முதலாவது சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். நின்ற தேரை நகர்த்தத்தானே அதிகம் பேர் வேண்டும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் புதியவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேகத்தைக் கையில் எடுத்துக்கொண்ட பின் அது உறைந்துபோனால், ஃபேன் கடைசியாக இருந்த வேகத்திலேயே நிற்கும். அது மிகக் குறைந்த வேகமாக இருந்தால்? பயாஸ் உறைவதில்லை. படிப்பதை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமும், ஓட்டுவதைப் பயாஸிடமும் விட்டுவிடுவதே வீட்டுக்கு நல்லது. பெரும்பாலான பயாஸ்களில் ஹார்ட்வேர் மானிட்டர் அல்லது ஸ்மார்ட் ஃபேன் என்ற பெயரில் பக்கம் இருக்கும். அங்கே மாற்ற வேண்டியது ஒன்றுதான். பல மதர்போர்டுகளில் ஃபேன் 40 டிகிரியிலேயே வேகமெடுக்கத் தொடங்கும். நம் ஊரில் பிராசசர் சும்மா இருக்கும்போதே 48. ஆகவே ஃபேன் நாள் முழுவதும் ஏறி இறங்கி உறுமிக்கொண்டே இருக்கும். தொடங்கும் இடத்தை 55 ஆகவும், முழு வேகத்தை 80 ஆகவும் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் சென்சார்ஸ் எண்களைக் கவனித்து, வேலை செய்யும்போது 80-ஐத் தாண்டினால் இரண்டையும் ஐந்து ஐந்தாகக் குறைக்கவும். மூன்று கம்பி ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றினால் அதே பக்கத்தில் பிடபிள்யூஎம் என்றிருப்பதை டிசி அல்லது வோல்ட்டேஜ் என்று மாற்றவும்.

உப்புக் காற்றும் மேஜைக் கதவும்

சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடலைப் பார்த்த ஜன்னலருகே கேபினட்டை வைத்தால் காற்று நன்றாக வரும் என்று தோன்றும். அந்தக் காற்றில் உப்பும் வரும். உப்பு தூசியோடு சேர்ந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஃபேன் திருகுகளில் துருவும், ஃபேன் அச்சில் கரகரப்பும் முதலில் தெரியும். ஃபேன் வேகம் அதே கட்டளைக்கு 1,900-லிருந்து 1,600, 1,400 என்று மாதங்களில் இறங்கினால் அச்சு தேய்கிறது. நிற்கும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், தரையிலிருந்து அரை அடி உயரம், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி: இதுவே நல்ல இடம். கம்ப்யூட்டர் மேஜையில் கேபினட் வைக்கும் அறைக்குக் கதவு இருந்தால் கழற்றிவிடுங்கள். பூ வேலை செய்த துணி உறையைக் கம்ப்யூட்டர் ஓடும்போது போடவே வேண்டாம். என் கம்ப்யூட்டரில் மேஜைக் கதவு மூடியிருந்தபோதும் திறந்திருந்தபோதும் எடுத்த எண்களுக்கு இடையே ஒன்பது டிகிரி வித்தியாசம்.

தூசி எடுக்கும்போது வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். புளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும். கட்டுப்பாடின்றிச் சுற்றினால் அச்சு கெடும், மதர்போர்டுக்கு எதிர் மின்சாரமும் போகும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதே சென்சார்ஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் சில இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. லேப்டாப்பில் ஃபேனை நடத்துவது சூப்பர் ஐஓ அல்ல, கீபோர்டையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளும் தனிக் கன்ட்ரோலர். அதனால் பல லேப்டாப்களில் பிராசசர் வெப்பம் தெரியும், ஃபேன் வேகம் பட்டியலில் வராது. அங்கே ஃபேன் இருக்கிறதா என்று அறிய, பக்கவாட்டுத் துளையருகே கையை வைத்து சூடான காற்று வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. பிராசசர் 90-ல் இருந்தும் துளையில் காற்று வராவிட்டால், உடனே ஷட் டவுன் செய்துவிட்டுச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.